கூரத்துக் கால்வாயும் குருதிக் குழாயும்

இதயம் என்னும் சொல்லைத் தமிழாசிரியர்களைப் போல் தாராளமாகச் செலவிடுவோர் பிறர் இலர். எம் வகுப்பறைகளில் இதயம் உருகும், உடையும், பூக்கும், பறிபோகும். அகப்பாடல் தலைவி தன் நெஞ்சை விளித்துப் பேசுவதை மாணவர்க்கு விளக்குகையில் யாமும் மார்பின்மேல் கைவைத்தே பேசுகிறோம். எம் இல்லங்களில் வழங்கும் 'கல்பு' என்னும் அரபுச் சொல்லும் அத்தகையதே. கல்பு தூயவர், கல்பு கல்லானவர் என்று பெரியோர் மனிதரை எடைபோடுவர். ஆயின் மார்புக் கூட்டினுள் சற்றே இடப்புறம் சாய்ந்து, மூடிய கையின் அளவில் அமைந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கும் அந்தத் தசையைப் பற்றி, அது நோவெடுக்கும்வரை எவரும் பேசுவதில்லை. இம்மலரில் அத்தசையைப் பற்றியே எழுத விழைந்தோம். தமிழ்த்துறையார்க்கு இது புறம்பான பொருள் எனக் கருதும் பெருமக்கள், திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்னும் பெயருடையது என்பதை நினைவிற்கொள்க. அதன் பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியன. மருத்துவர் அதன் பின்னரே வருகிறார்.

காஞ்சிமாநகரை அடுத்த கூரம் என்னும் ஊர் எமக்கு இளமை முதற்கொண்டு பழக்கமானது. எம் அத்தா, நெசவாளர் இல்லங்களில் பட்டுச் சேலை வாங்கி வெளியூர்களுக்குக் கொண்டுசென்று விற்ற சிறுவணிகர். பள்ளி விடுமுறை நாள்களில் அவருடைய மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து அவ்வூர்க்குச் செல்வோம். பின்னாளில் தமிழ் கற்கப் புகுந்தபோது கூரம் எமக்கு வேறொரு முகம் காட்டிற்று. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னனின் கொடையைக் கூறும் கூரத்துச் செப்பேடுகளை அப்போதுதான் அறிந்தோம். வடமொழியும் தமிழும் விரவிய அவற்றை, ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் 1890இல் வெளிவந்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் பதிப்பித்தார். கோயில் எடுத்ததையும், மண்டபத்தில் பாரதம் வாசிக்க வகைசெய்ததையும் கூறும் அச்செப்பேடுகள், ஊருக்கென வெட்டிய ஏரியொன்றையும் குறிக்கின்றன. ஏரியின் பெயர் பரமேசுவர தடாகம். பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த கால்வாயின் பெயர் பெரும்பிடுகு. பிடுகு என்றால் இடி.

ஏரியின் பெயரைவிடக் கால்வாயின் பெயரே எம் நெஞ்சில் நின்றது. ஏரி எத்துணைப் பெரிதாயினும், அதற்கு நீரூட்டும் கால் தூர்ந்துபோனால் ஊர் வறண்டுவிடும். இதயத்தின் நிலையும் இதுவே. உடல் முழுமைக்கும் குருதியை இறைத்து அனுப்பும் இவ்வுறுப்பு, தன் அறைகளில் நிரம்பி நிற்கும் குருதியைக் கொண்டு தன் பசியைத் தீர்த்துக்கொள்ள இயலாது. மகாதமனியின் அடியிலிருந்து பிரிந்து, இதயத்தின் மேற்புறத்தில் படர்ந்து செல்லும் சிறுகுழாய்களே அதற்கு உணவூட்டுகின்றன. அவற்றின் விட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஒரு கோதுமை மணியின் அகலமே உடையவை. அக்குழாய்களுள் ஒன்று அடைபட்டால், அதை நம்பியிருந்த தசைப்பகுதி நிமிடக் கணக்கில் மடியத் தொடங்குகிறது. மாரடைப்பு என நாம் வழங்குவது இதனையே.

உவமை கூறுவது எம் தொழிலாதலின், அதன் எல்லையையும் கூறிவிடுதல் கடன். கால்வாயில் வண்டல் படிவதுபோல் குழாயின் உள்ளே கொழுப்பு அடுக்கடுக்காய்ப் படிந்து ஒருநாள் முழுதும் அடைத்துக்கொள்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். மருத்துவ நூல்கள் கூறுவது சற்றே வேறு. கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளேயே பல்லாண்டுகளாகச் சேர்கிறது; அதன்மேல் மெல்லிய மூடியொன்று படர்கிறது. ஒருநாள் அம்மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் காயத்தை மூடுவதாக எண்ணிக் குருதி உறைகிறது. உறைந்த கட்டியே வழியை அடைக்கிறது. ஆதலின், நேற்றுவரை மூச்சிரைப்பின்றி மாடியேறியவர் இன்று வீழ்ந்துபடுதல் வியப்பன்று. பாதியளவும் சுருங்காத குழாயிலும் இது நேர்தல் கூடும். ஈ.சி.ஜி. ஒழுங்காக இருந்தது என்று ஒருவர் மனநிறைவு கொள்வதற்கும் இதனால் எல்லையுண்டு.

கூரத்தில் எமக்கு நெசவாளர் ஒருவர் நண்பராயிருந்தார். அத்தாவின் காலத்தில் தொடங்கிய உறவு. எம்மினும் மூத்தவராதலின் அவரை அண்ணா என்போம். அவர் எம்மைப் பாய் என்பார். குழித்தறியில் காலை ஆறு மணிக்கு இறங்கினால் நண்பகல் உணவுக்கே மேலேறுவார். கோர்வைச் சேலை நெய்வதில் தேர்ந்த கை. கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் அமையும் அச்சேலைக்கு இருவர் வேண்டும். ஒரு புறத்தில் அவர், மறு புறத்தில் நாடா வீசித்தர அவர் தம்பி. வேலைக்கிடையே சர்க்கரை மிகுந்த தேநீர் ஆறேழு முறை வரும். "ஏன் அண்ணா இத்தனை டீ?" என்று ஒருமுறை கேட்டோம். "டீ நின்னா கை நின்னுடும் பாய்" என்றார். தேநீருக்குப் பின் ஒரு பீடி. இரவில் கடைத்தெருப் பரோட்டா. வணிகரிடம் வாங்கிய முன்பணக் கடன் ஆண்டுதோறும் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

2016ஆம் ஆண்டு ஐப்பசியில், தீபாவளிக்கு நெருங்கிய ஒரு மாலையில் அவருக்கு மார்பு இறுகிற்று, இடத்தோள் கனத்தது, வியர்த்துக் கொட்டிற்று. வாயுத் தொல்லை என்று கருதிக் கோலி சோடா குடித்தார். ஓமத் தண்ணீரும் குடித்தார். மனைவி அழைத்தும் மருத்துவமனைக்குச் செல்ல இசையாமல், 'சேலையை முடித்துவிட்டுப் போகலாம்' என்றாராம். பொழுது புலரும் முன் உயிர் நீங்கிற்று. அகவை நாற்பத்தொன்பது. தறியில் இன்னும் ஒன்றரை முழம் எஞ்சியிருந்த சேலையைப் பின்னர்த் தம்பியும் மனைவியுமாக நெய்து முடித்தனர். அவர் மகள் அவ்வாண்டு எம் துறையில் இளங்கலை முதலாண்டு மாணவி. காரியம் முடிந்து அவள் வகுப்பிற்குத் திரும்பிய நாளில் யாம் கற்பித்த பாடம் இன்றும் நினைவில் இல்லை. முதல் வரிசையில் அவள் அமர்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கற்றோரும் செய்வது இதுவே ஆதலின் சற்று விரித்துக் கூறுகிறோம். மார்பின் நடுவில் இறுக்கமோ கனமோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், அந்நோவு தோள், கை, தாடை, முதுகு என்று பரவினாலும், காரணமின்றிக் குளிர்ந்த வியர்வை அரும்பினாலும் அது வாயுவா அன்றா என்று வீட்டார் கூடித் தீர்ப்பளிக்க வேண்டா. பெண்டிர்க்கும் நீரிழிவுடையோர்க்கும் மார்புநோவே இன்றி, மூச்சிரைப்பும் குமட்டலும் பெருஞ்சோர்வுமாக இது வருதல் உண்டு. 108ஐ அழைப்பதே முதற்பணி. நோயாளியை நடக்கவிடுதலும், இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லுதலும் தவறு. அடைப்பை நீக்கும் மருத்துவம் முதல் ஒரு மணி நேரத்துள் கிடைப்பின் காக்கப்படும் தசை மிகுதி. சிற்றூர்களில் இக்காலத்தாழ்வு உயிர்களைக் கொள்கிறது என்பதை உணர்ந்தே, தமிழக அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாரடைப்பின் அறிகுறியோடு வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குருதியுறைவைத் தடுக்கும் மாத்திரைகளை முதலில் அளித்து, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் அதன் நோக்கம். எம் நண்பர் காலத்தில் அது இல்லை. இருந்திருப்பினும் கோலி சோடாவைக் கடந்து அவர் அங்குச் சென்றிருக்க வேண்டும்.

எனினும் அந்த இரவு தொடங்கியது அவ்விரவில் அன்று. அவருடைய குழாய்ச் சுவரில் கொழுப்பு சேரத் தொடங்கி இருபது ஆண்டுகளேனும் கழிந்திருக்கும். இதயநோய் செல்வர்களின் நோய் என்னும் பழைய கருத்து இன்னும் நம்மிடையே உலவுகிறது. எண்கள் அதற்கு மாறாக நிற்கின்றன. இந்தியாவில் நிகழும் இறப்புகளுள் இதயநோயாலும் குருதிக்குழாய் நோயாலும் நேர்வன 1990இல் நூற்றுக்குப் பதினைந்தாக இருந்தன, 2016இல் இருபத்தெட்டாயின. கனடா நாட்டில் பணிபுரியும் மலையாள மருத்துவரான சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளிவந்த 'இண்டர்ஹார்ட்' ஆய்வு மேலும் துலக்கமானது. முதன்முறை மாரடைப்புற்றோரில் தொண்ணூறு விழுக்காட்டிற்கு அண்மித்த இடர்ப்பாட்டை ஒன்பது காரணங்களே விளக்கிவிடுகின்றன என்றது அது. புகையிலை, கொழுப்பின் சமனின்மை, மிகு குருதியழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம் ஆகியன தீங்கு செய்வன. காய்கனி உண்ணுதலும் உடலுழைப்பும் காப்பன. ஒன்பதாவது மது, அவ்வாய்வில் அதன் கணக்கு காக்கும் பக்கம் சாய்ந்தது, பின்வந்த ஆய்வுகள் அதனை ஐயுறுகின்றன, மதுவை மருந்தெனப் பரிந்துரைக்கும் மருத்துவரை யாம் கண்டதில்லை. தெற்காசியர்க்கு மாரடைப்பு பிறநாட்டார்க்கு வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53ஆம் அகவையில், வந்துவிடுகிறது என்பதும் அவ்வாய்வின் தரவுகளிலிருந்து பெறப்பட்டது. மகளுக்கு மணம் பேசும் அகவை அது.

உழைப்பாளிக்கு ஏன் உடற்பயிற்சி என்று வினவுவோர் உளர். நெசவாளர் நாள் முழுதும் கைகால் அசைக்கின்றனரே! 1953இல் இலண்டன் மாநகரப் பேருந்துகளை வைத்து ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடைகூறும். அந்நகரப் பேருந்துகள் இரண்டடுக்கு உடையவை. ஓட்டுநர் பணி நேரத்தின் பெரும்பகுதியும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ நாளொன்றுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளில் ஏறியிறங்குவார். ஒரே நகரம், ஒரே நிறுவனம். இருந்தும் ஓட்டுநரோடு ஒப்பிட நடத்துநர்க்கு இதயநோய் மிகக் குறைவாகவே கண்டது. வந்தவர்க்கும் அதன் கடுமை தணிந்திருந்தது. குழித்தறியில் இறங்கியவர் கை வீசினாலும் கால் மிதித்தாலும் இருந்த இடம் பெயர்வதில்லை. நெசவாளனை நடக்கவைத்தது தறியன்று, பாவு. விடியற்காலையில் தெருநெடுகப் பாவை விரித்து, கஞ்சி தடவி, இழை பிரித்து, மேலும் கீழுமாய் நடந்த நடை. பலவிடங்களில் இன்று பாவு ஆயத்தமாகவே வந்துவிடுகிறது. காலம் மிச்சம், நடை இழப்பு. இவ்வாறே விரிவுரையாளராகிய யாமும் நாள் முழுதும் நிற்கிறோம், பேசுகிறோம், களைக்கிறோம். ஆனால் கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையே எத்தனை அடி? வாரத்தில் 150 நிமிடங்கள், சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளுக்கு அரைமணி என வைத்தால் வாரத்தில் இரு நாள் விடுமுறையும் உண்டு.

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தமிழர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். ஒரு கட்சியார்க்கு முன்னோர் உண்டதெல்லாம் அமிழ்தம். மறுகட்சியார்க்கு ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இன்றி உய்வில்லை. இரண்டிலும் எமக்கு உடன்பாடில்லை. தொண்டை நாட்டு உழவர் கேழ்வரகுக் கூழும் களியும் உண்டனர், மெய்தான். உண்டபின் ஏற்றம் இறைத்தனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக உலகம் கொண்டாடியதில் மகிழ்ச்சியே. ஆனால் கடைகளில் சிறுதானிய பிஸ்கட் என்று விற்பவற்றின் உறையைப் படித்துப் பார்த்தோம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதன்பின் எண்ணெய், கடைசியில் நாணத்தோடு ஒரு சிறு விழுக்காடு கேழ்வரகு! காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை எடுத்துக்கொள்வோம். அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கிற் குடலையில் ஆவியில் வேகவைப்பது. வெந்த உணவு என்னும் வகையில் அது பொரித்த வடையினும் நூறு மடங்கு நன்று. நெய்யை நினைத்தால் அளவோடு நிறுத்தவேண்டியதும் ஆகும். ஓர் உணவே நல்லதும் தீயதுமாக நிற்பது அளவினாலன்றோ? வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, மூன்றிலொரு பங்கு நீருக்கு, எஞ்சியது மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் அருளியதாக எம் பெரியோர் கூறுவதும் இவ்வளவைப் பற்றியதே.

எம் தட்டில் பெரும் இடம் கொள்வது தீட்டிய வெள்ளரிசி. தவிடும் முளையும் நீங்கிய அது விரைவில் சர்க்கரையாகிக் குருதியில் ஏறுகிறது. சோற்றை விட்டொழிக்க வேண்டியதில்லை. தட்டில் சோறு மலையாகவும் காய் மடுவாகவும் இருப்பதை இடம் மாற்றிவிட்டால் போதும்: பாதித் தட்டு காய்கீரை, காற்பங்கு சோறு, காற்பங்கு பருப்போ மீனோ முட்டையோ. எண்ணெயில் எதை வாங்குவது என்னும் வினாவைவிட எவ்வளவு வாங்குவது என்பதே முதன்மை. ஓர் ஆளுக்கு மாதத்திற்கு அரை லிட்டர் என்பது மருத்துவர் பொதுவாகக் கூறும் அளவு. நால்வர் உள்ள இல்லத்தில் மாதக் கணக்கைப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நியாயவிலைக் கடைப் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்திலொரு பங்கே. இயன்றவர் மாற்றிக்கொள்ளலாம், இயலாதவர் அளவைக் குறைக்கலாம். வனஸ்பதியைப் பற்றி இருவேறு கருத்தில்லை. அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு தீய கொழுப்பை உயர்த்தி நல்ல கொழுப்பைத் தாழ்த்துகிறது. ஆதலின் 2022 தொடக்கம் முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் அது நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்தது. ஆயின் ஒரே சட்டியில் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடைக்காரரை எவ்வாணையம் நாள்தோறும் காவல் காக்கும்?

உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவுதான் அது. குழம்பில் போடுவதை மட்டும் எண்ணிக் கணக்கு முடிந்தது என்பர்; ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைமிக்சர் ஆகியவற்றை எவரும் எண்ணுவதில்லை. புகையிலையைப் பற்றி நெடிது பேச வேண்டா. பீடியும் மெல்லும் புகையிலையும் சிகரெட்டைப் போன்றே இதயத்தைத் தாக்குகின்றன. விட்டவர்க்கு ஓராண்டிற்குள் அவ்விடர்ப்பாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

இவற்றையெல்லாம் செய்தால் பயனுண்டா என்னும் ஐயத்தைப் போக்க அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். நீரிழிவு இதயநோய்க்குத் திறந்த வாயில் என்பதை மறவற்க. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாளும் நடந்து, சர்க்கரையும் தீட்டிய தானியமும் எண்ணெயும் குறைத்துக்கொண்டோரில் அது 39. மாத்திரை மட்டும் உண்டோரில் 40. நடையும் தட்டும் மாத்திரைக்கு ஈடாயின. இதைப் படித்துவிட்டு, நோய் கண்டு மாத்திரை உண்போர் அதை நிறுத்திவிடுதல் கூடாது. இது நோய் வருமுன் உள்ளோர்க்குரிய கணக்கு. நோய் உண்டா என்பதை அறியவும் இன்று வழியுண்டு. முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து 2019க்குப் பின் செங்கற்பட்டைச் சேர்ந்த சூணாம்பேட்டைச் சுற்றி 42 ஊர்களுக்கு, மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2006 முதல் செயற்கைக்கோள் இணைப்புடைய ஊர்தியையே அனுப்பிப் பெரும்பாலான பெரியவர்களைச் சோதித்தனர். 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வாயிற்படிக்கே கொணர்ந்தது. நாற்பதைக் கடந்தும் தம் குருதியழுத்தம் எவ்வளவு என்று அறியாத பேராசிரியர் எம் கல்லூரியிலும் உளர். 140க்கு 90 என்னும் எல்லையையும், இடுப்பளவில் ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டர் என்னும் எல்லையையும் வருகைப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைத்தால் தகும்.

ஆயினும் அறிவு மட்டும் மனிதரை மாற்றிவிடும் என்று யாம் நம்பவில்லை. எம் நண்பர்க்குப் பீடி தீது என்பது தெரியாதா? தெருவில் எல்லாத் தறியிலும் ஒரே நேரத்தில் தேநீர் வரும்போது ஒருவர் மட்டும் எப்படி மறுப்பார்? மனிதன் தன் விருப்பப்படி உண்பதாக எண்ணிக்கொள்கிறான். உண்மையில் ஊர் உண்பதை உண்கிறான். பின்லாந்து நாட்டின் வட கரேலியா என்னும் பகுதியில் நடந்தது இதற்குச் சான்று. ஆடவர் நடுவயதிலேயே மாரடைப்பால் மாய்ந்துகொண்டிருந்த அப்பகுதியில் 1972இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் ஒரு பணியைத் தொடங்கினார். நோயாளிகளை அழைத்து அறிவுரை கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. இல்லத்தரசியர் சங்கத்தாரோடு சேர்ந்து ஊரூராகச் சமையல் கூட்டம் நடத்தினார். வெண்ணெயும் உப்பும் குறைத்துக் காய்கறி சேர்த்துப் பழைய உணவுகளையே புதிதாய்ச் சமைத்து, எல்லாரையும் உடனமர்த்தி உண்பித்தார். இறைச்சிப்பொருள் செய்வோரையும் உப்பையும் கொழுப்பையும் குறைக்க இணங்கச் செய்தார். நாற்பது ஆண்டுகளில் அப்பகுதியின் உழைக்கும் வயது ஆடவரிடையே இதயநோய் இறப்பு எண்பது விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. மாறியது பந்தி, அதன்பின் மனிதர் மாறினர்.

பந்தி என்றவுடன் கூரத்தின் மற்றொரு செல்வர் நினைவிற்கு வருகிறார். இராமானுசரின் மாணாக்கராகிய கூரத்தாழ்வான் அவ்வூரில் பிறந்தவர். பெருஞ்செல்வரான அவர் இல்லத்தில் நாள்தோறும் வந்தோர்க்கெல்லாம் உணவிட்டு, இரவில் பெருங்கதவை அடைப்பராம்; அவ்வொலி காஞ்சிக் கோயில்வரை கேட்டது என்பது வைணவ மரபு கூறும் செய்தி. ஈகையின் பெருமைக்காகச் சொல்லப்படுவது அது. எமக்கு அதில் வேறொன்றும் தோன்றுவதுண்டு: அந்த விருந்துக்கும் ஒரு கதவடைப்பு இருந்திருக்கிறது. இன்று நெடுஞ்சாலைக் கடைகளில் இரவு பன்னிரண்டுக்கும் கொத்துப் பரோட்டாவின் ஓசை அடங்குவதில்லை.

எம் சமுதாயத்தில் விருந்து பெருமைக்குரியது. வலீமா விருந்தில் பிரியாணிச் சட்டி எத்தனை என்பதே ஊர்ப்பேச்சு. விருந்தினர் போதும் என்ற பின்னரும் இருமுறை வற்புறுத்தி இடாவிடில் அன்பு குறைந்ததாகக் கருதுவோம். எம் அம்மா பரிமாறும்போது 'போதும்' என்னும் சொல் அவர் காதில் விழுவதே இல்லை. இங்குப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறோம். விருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. வெங்காயப் பச்சடி கரண்டியளவிலிருந்து கிண்ணம் அளவாகட்டும். நெய்யோடு வனஸ்பதி கலக்கும் வழக்கம் ஒழியட்டும். இனிப்பு இரண்டு வகைக்குப் பதில் ஒன்றாகி, மற்றதன் இடத்தில் கொய்யாவோ பப்பாளியோ வரட்டும். செல்வர் ஒருவர் தம் மகன் மணத்தில் இதைச் செய்தால், வறியவர் ஒருவர் கடன்பட்டு இரண்டாம் இனிப்பு வைக்க வேண்டிய கட்டாயம் நீங்கும். மாணவர்கள் பங்கிற்கு, கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் பப்ஸுக்கு அருகே அவித்த கடலை வைத்தால் வாங்குவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தரலாம். விற்குமென்று தெரிந்தால் விற்போர் வைப்பர்.

இதில் யாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுதல் தகும். எம் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி நன்கு அமைந்ததே. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்தது. கேடு, அதனருகே குவியும் வடை, சமோசா, பஜ்ஜி. பதின்மூன்று மணி நேரம் வெறுமையாயிருந்த வயிற்றில் முதலில் இறங்குவது பொரித்த எண்ணெய். சென்ற ஆண்டு நோன்புக்கு முன் நிருவாகக் குழுவினரிடம் இதைப் பேசினோம். முதியவர் ஒருவர், "வடை இல்லாம என்ன நோன்பு தம்பி? என் அத்தா காலத்துலேர்ந்து இருக்குது" என்றார். அவருக்கு இருமுறை இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தனர். நெடுநேரப் பேச்சிற்குப் பின், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வடை, மற்ற நாள்களில் கொண்டைக்கடலைச் சுண்டலும் பேரீச்சம்பழமும் தர்ப்பூசணித் துண்டும் என்று முடிவாயிற்று. செலவும் குறைந்தது. வடை போட்டுத் தந்தவர்க்கே சுண்டலும் ஒப்படைக்கப்பட்டது. அவர் பிழைப்பு கெடவில்லை. முதல் மூன்று நாள் இளைஞரிடையே முணுமுணுப்பு. நான்காம் நாள் சுண்டலில் மாங்காய் கீறிப் போட்டார். பதினைந்தாம் நோன்பன்று யாம் கல்லூரியிலிருந்து சற்றுப் பிந்திச் சென்றபோது சட்டி காலி. எமக்குக் கிடைத்தது இரண்டு பேரீச்சம்பழமே.